உங்கள் மனைவி எந்தப் பாடம் நடத்துகிறார்?

மதிப்பிற்குரிய அம்மா,

எனக்கு வயது 43. டை மேக்கராக, அதாவது உலோகப் பாகங்களை வடிவமைக்கும் அச்சுகளைச் செய்பவராக, 19 ஆண்டு அனுபவம். குடும்பத்துடன் கனடாவில் குடியேற நினைக்கிறேன். ‘இந்த வயதில் எதற்கு?’ என்று எல்லோரும் கேட்கிறார்கள். பெண்ணுக்கு 15, பையனுக்கு 10. அவர்களுக்காகத்தான் இந்த முடிவு. மனைவிக்கு 38, முதுகலை படித்த பள்ளி ஆசிரியை. என் முடிவுக்கு ஒருநாளும் மறுப்புச் சொன்னதில்லை. நான் தாமதித்துவிட்டேனா? கனடா இல்லாவிட்டால் ஆஸ்திரேலியாவுக்கு முயலலாமா? குளிரைத் தாங்க முடியுமா? முதுமைக்கு என்ன வழி?

ர.

அன்புள்ள ர.,

என் அம்மா இறந்து ஓராண்டு ஆகிறது. அவருடைய காகிதங்களைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது. அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

குளிருக்கு உடை இருக்கிறது, அதை விடுங்கள். ஆஸ்திரேலியா மதிப்பெண் அடிப்படையில் தரும் விசாக்களுக்கு 45 வயது நிறைவதற்குள் விண்ணப்பிக்க அழைப்பு வந்தாக வேண்டும். உங்களுக்கு அவகாசம் மிகக் குறைவு. முதுமையைப் பொறுத்தவரை, கனடாவில் வசித்தபடி அரசின் முதியோர் ஓய்வூதியம் பெறக் குறைந்தது 10 ஆண்டு அங்கே வாழ்ந்திருக்க வேண்டும், முழுத் தொகைக்கு 40 ஆண்டு. 44 வயதில் போனால் 65-இல் உங்களுக்குப் பாதியை ஒட்டித்தான் கிடைக்கும். மீதிக்கு நீங்கள்தான் சேமிக்க வேண்டும்.

வயதுக்கு வருகிறேன். கனடா மதிப்பெண் போட்டுக் குடியேறுவோரைத் தேர்ந்தெடுக்கும் எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறையில், துணையுடன் விண்ணப்பிப்பவருக்கு வயதுக்காக அதிகபட்சம் 100 மதிப்பெண். 40 வயதில் அது 45 ஆகிவிடுகிறது. 43-இல் 15, 44-இல் 5, 45-இல் ஒன்றுமில்லை. ஆக, தாமதம்தான். உங்கள் கைத்தொழிலின் மதிப்பு இதனால் குறைந்துவிடாது, ஆனால் அந்தக் கணக்கில் குறைகிறது.

இனி, உங்கள் கடிதத்தில் என்னை உலுக்கிய வரி. ‘என் முடிவுக்கு ஒருநாளும் மறுப்புச் சொன்னதில்லை.’ நீங்கள் கேட்டீர்களா? கேட்டு அவர் சரி என்றாரா, கேட்காததால் மறுக்கவில்லையா?

38 வயதுக்கு அதே கணக்கில் 55 மதிப்பெண். உங்கள் 15-ஐ விட 40 அதிகம். முதுகலைக்கும் தனி மதிப்பெண் உண்டு. தனியாக அழைப்பு அனுப்பும் பணிப் பிரிவுகளில் 2025-இல் கல்வித்துறையையும் சேர்த்தார்கள். ஆங்கிலத் தேர்வில் அவர் நன்றாகச் செய்தால், இந்தக் குடும்பத்தின் முதன்மை விண்ணப்பதாரர் அவராகத்தான் இருக்க வேண்டும். பி.ஆர். எனப்படும் நிரந்தரக் குடியுரிமை அனுமதி கிடைத்தபின் இருவருக்கும் ஒரே உரிமைதான். பிள்ளைகளுக்காக என்று எழுதியவருக்கு இது ஏன் தோன்றவே இல்லை?

அவரை ‘உடன் வரும் துணை’ என்ற கட்டத்தில் போட்டால் என்ன ஆகும் தெரியுமா? படிப்புக்கு அதிகபட்சம் 10, மொழிக்கு 20, கனடாவில் வேலை பார்த்த அனுபவத்துக்கு 10. வெளிநாட்டில் எத்தனை ஆண்டு பாடம் நடத்தியிருந்தாலும் அதற்குத் துணையின் கணக்கில் ஒரு மதிப்பெண்கூட இல்லை. அவருடைய வகுப்பறை ஆண்டுகளை நீங்களே உங்கள் கையால் துடைத்துப் போடுகிறீர்கள். போய் இறங்கிய பிறகும் விஷயம் லேசானதல்ல. ஆசிரியர் உரிமத்தை அந்தந்த மாகாணம்தான் தருகிறது. அதற்கான சான்றுகளையும் பாடத்திட்ட விவரங்களையும் படித்த இடத்திலிருந்தும் பணியாற்றிய இடத்திலிருந்தும் வரவழைக்க மாதங்கள் ஆகும். ஊரை விட்டுக் கிளம்பும் முன்பே அதைத் தொடங்க வேண்டும். ‘முதலில் நான் வேலையில் நிலைத்துவிடுகிறேன், பிறகு உன்னுடையதைப் பார்ப்போம்’ என்று சொல்லிவிடாதீர்கள். அந்தப் ‘பிறகு’ எங்கள் வீட்டில் வரவே இல்லை.

என் அப்பா வெல்டர். 41 வயதில் எங்களைக் கூட்டிக்கொண்டு கனடா போனார். நல்ல மனிதர், ஓய்வே இல்லாமல் உழைத்தார். அம்மா அதற்கு முன் 14 ஆண்டு கணக்கு ஆசிரியை. எனக்கு அப்போது 13 வயது. ஆங்கிலப் படிவங்களை எல்லாம் நான்தான் நிரப்புவேன். பள்ளியில் சேர்க்கும் படிவத்தில் தாயின் தொழில் என்று ஒரு கட்டம் இருந்தது. என்ன எழுதட்டும் என்று கேட்டேன். “டீச்சர் என்று எழுது” என்றார் அம்மா. அப்பா பக்கத்தில் காலணியைக் கழற்றிக்கொண்டிருந்தார். “இங்கே நீ டீச்சர் இல்லையே, பொய் எழுதக் கூடாது” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. உண்மை என்று நினைத்துத்தான் சொன்னார். அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் ‘வேலை இல்லை’ என்று எழுதினேன். அதன் பிறகு வந்த எந்தப் படிவத்துக்கும் அம்மாவிடம் அந்தக் கேள்வியை நான் கேட்கவில்லை.

போன வாரம் அவருடைய பெட்டியில், ஊரில் அவர் பாடம் நடத்திய பள்ளியின் அனுபவச் சான்றிதழ் கிடைத்தது. மதிப்பீட்டுக்கு அனுப்பும் உறை ஒன்றும் இருந்தது. முகவரி எழுதி, தபால்தலைகூட ஒட்டியிருந்தார்.

ர., உங்கள் மேல் எனக்குக் கோபமில்லை. 43 வயதில் எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்கத் துணிகிற மனிதரை நான் மதிக்கிறேன். ஆனால் உங்கள் தொழிலையும் அதில் கழிந்த 19 ஆண்டுகளையும் எழுதிய நீங்கள், உங்கள் மனைவி எந்தப் பாடம் நடத்துகிறார் என்று எழுதவில்லை. எத்தனை ஆண்டாக என்பதும் இல்லை. இன்றிரவு அவரிடம் கேட்டு எழுதுங்கள். மற்றதை அதன் பிறகு பேசுவோம்.