ஆட்டைச் சிதறடிக்கும் நாய்க்கு வளைக்கக் கற்றுக்கொடுப்பது எப்படி?

கேள்வி: காளையார்கோவில் பக்கம் 40 செம்மறி வைத்திருக்கிறேன். மேய்ச்சலுக்கு உதவும் என்று பார்டர் கோலி குட்டி வாங்கி வளர்த்தேன். இப்போது பத்து மாதம். ஆட்டைக் கண்டாலே துரத்துகிறது, மந்தைக்கு நடுவில் புகுந்து பிரிக்கிறது, பின்னங்காலைக் கவ்வுகிறது. அதட்டினால் இன்னும் வேகமாக ஓடுகிறது. இதைத் திருத்த முடியுமா? இரவில் கிடைக்குக் காவலும் இதுவே பார்க்குமா?

பதில்: திருத்தலாம். ஆட்டைக் கண்டு பாயாத குட்டியைப் பழக்குவதுதான் சிரமம். ஓநாய் வேட்டையாடும்போது நோட்டம் விடும், பதுங்கும், வளைக்கும், துரத்தும், கடைசியில் கடிக்கும். மேய்ச்சல் நாய் இனங்களில் முன்பாதியை வளர்த்து, கடியை மட்டும் அடக்கி வைத்திருக்கிறார்கள். அந்த அடக்கம் பிறவியிலேயே முழுதாக வந்துவிடாது. மீதியை நீங்கள்தான் சொல்லித்தர வேண்டும்.

இரண்டு வாரத்துக்கு நாயை ஆட்டுப் பக்கம் அவிழ்த்தே விடாதீர்கள். 30 அடிக் கயிற்றில் கட்டி, கூப்பிட்டால் வரவும் ‘படு’ என்றால் அந்த இடத்திலேயே படுக்கவும் பழக்குங்கள். வீட்டு வாசலில் படுக்காத நாய் ஆட்டுக்கு முன்னால் படுக்கவே படுக்காது. அதே நாட்களில் கயிற்றோடு பட்டியைச் சுற்றி நடத்திக் காட்டுங்கள். இது நாய்க்காக மட்டும் இல்லை. இராமநாதபுரம் வெள்ளை, வேம்பூர் போன்ற நம் பக்கத்து ஆடுகள் கால் நீண்டவை, சட்டென்று மிரளும். நாயைப் பார்த்ததும் ஓடாமல் நிற்க அவையும் பழக வேண்டும்.

அப்புறம், சுமார் 60 அடி அகலத்துக்கு வலை கட்டி ஒரு வட்டப் பட்டி போடுங்கள். உள்ளே சாதுவான ஆறேழு பெட்டை ஆடு போதும். குட்டி போட்ட தாய் வேண்டாம், அது நாயை முட்ட வரும். கிடாயும் வேண்டாம். வெள்ளாட்டைக் கலக்காதீர்கள், அது கூட்டத்தை விட்டுத் தனியே திரும்பி நின்று நாயை முறைக்கும்.

இனிதான் முக்கியமான இடம். ஆடுகளை ஒட்டி நீங்கள் நின்றுகொண்டு, கயிறு தரையில் இழுபட நாயை விடுங்கள். பட்டியை ஒரு கடிகாரமாக நினைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் 6 மணியில் நின்றால், ஆட்டுக்கு அந்தப் பக்கம் 12 மணிக்குப் போய் நிற்கவே நாயின் உள்ளுணர்வு இழுக்கும். நீங்கள் 9-க்கு நகர்ந்தால் அது 3-க்குப் போகும். நீங்கள் பின்னால் நடந்தால் ஆட்டை உங்களிடம் ஓட்டிக்கொண்டு வரும். ஆக, நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பதே கட்டளை. வாயைத் திறக்கவே வேண்டியதில்லை. கத்தக் கத்த அதற்கு வெறி ஏறும். நீங்களும் சேர்ந்து துரத்துவதாகவே அது நினைத்துக்கொள்ளும். இந்த இனத்தின் மூதாதையாகச் சொல்லப்படும் ஓல்ட் ஹெம்ப், 1893-இல் இங்கிலாந்தின் நார்தம்பர்லாந்தில் பிறந்த நாய். அதற்குப் பெயர் வாங்கித் தந்ததே குரைக்காமல், அமைதியாக வேலை செய்யும் குணம்தான்.

நடுவில் பாய வந்தால் அதன் தோளைப் பார்த்து இரண்டு எட்டு முன்னே போய், கம்பால் தரையைத் தட்டுங்கள். நாயை அடிக்கக் கூடாது. விலகி வளைந்து போனதும் நீங்களும் பின்வாங்கிவிடுங்கள். விலகினால் ஆடு கிடைக்கிறது, நெருங்கினால் கிடைக்கவில்லை என்பது நாலைந்து நாளில் அதற்கே விளங்கும். சரியாக 12 மணிக்கு வந்து ஆடும் நின்றிருக்கும் நேரம் பார்த்து ‘படு’ சொல்லுங்கள். ஓட்டத்தின் நடுவே சொல்லி, அது கேட்காமல் போனால், அந்தச் சொல்லுக்கே மதிப்பு போய்விடும்.

வாலைக் கவனியுங்கள். என்னிடம் பழக வந்த ஒரு பெட்டை நாய் முதல் மூன்று நாள் வாலைக் கொடிபோல் தூக்கிக்கொண்டு சுற்றியது. நான்காம் நாள் காலை, பாதிச் சுற்றில் தலை தாழ்ந்தது, வால் பின்னங்கால்களுக்கு நடுவே இறங்கியது, நடை மெதுவானது. ஆடுகள் ஓடாமல் திரும்பிப் பார்த்தன. நான் அங்கேயே நிறுத்தி வெளியே கூட்டி வந்துவிட்டேன். வால் மேலே இருந்தால் விளையாட்டு, கீழே இறங்கினால் வேலை.

ஒரு தடவைக்குப் பத்து நிமிடம் போதும், அதுவும் வெயில் ஏறுவதற்கு முன். இந்த நாய்க்கு மேலே அடர்ந்த முடி. தானாக நிறுத்தவும் தெரியாது. நடை தள்ளாடினால் நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி, உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

வளைப்பது படிந்த பிறகுதான் திசைச் சொற்கள். பிரிட்டனில் கடிகாரச் சுற்றுக்கு ‘கம் பை’, எதிர்ச்சுற்றுக்கு ‘அவே’ என்பார்கள். ‘இடம்’, ‘வலம்’ தூரத்தில் ஒன்றுபோலக் கேட்கும். ‘வளை’, ‘அங்கிட்டு’ என்று வைத்துக்கொள்ளலாம். எந்த நாய்க்கும் ஒரு பக்கம்தான் பிடிக்கும். பிடிக்காத பக்கத்தைக் கூடுதலாகப் பழக்குங்கள்.

ஒன்று சொல்லியே ஆக வேண்டும்: அறுத்த ஆட்டின் தலையைப் பச்சையாக நாய்க்குப் போடாதீர்கள். மூளையில் உள்ள கட்டியிலிருந்து நாய்க்கு நாடாப்புழு பிடிக்கும். அந்தப் புழுவின் முட்டை நாயின் மலத்தோடு புல்லில் விழ, மேயும் ஆட்டின் மூளையில் கட்டி வளர்ந்து, ஆடு தலையைச் சாய்த்து ஒரே பக்கமாகச் சுற்றத் தொடங்கும். நாய்க்குத் தவறாமல் புழு மருந்து கொடுங்கள். ஆட்டுக்குப் போடும் ஐவர்மெக்டினை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். கோலி வகை நாய்கள் சிலவற்றுக்கு அது விஷம்.

இரவுக் காவலுக்கு இது ஆகாது. விட்டால் ராத்திரி முழுக்க ஆட்டை ஓட்டிக்கொண்டே இருக்கும், சினை ஆடு கருக்கலையவும் கூடும். வேலை முடிந்ததும் தனியாகக் கட்டிவிடுங்கள். காவலுக்கு ஒரு நாட்டு நாய்க் குட்டியைப் பால் மறந்ததும் பட்டியிலேயே ஆடுகளோடு வளருங்கள். ஆட்டைத் தன் கூட்டமாக நினைக்கும் நாய்தான் கிடையைக் காக்கும்.