வெறும் ஊசி – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அணு மருத்துவப் பிரிவில் டெக்னாலஜிஸ்ட்டாகச் சேர்ந்து ஒன்பது மாதம் ஆகிறது. கதிர்வீச்சு என்றாலே வீட்டில் பயப்படுகிறார்கள். முடி கொட்டிவிடும் என்கிறார்கள். எனக்குப் பயமில்லை, சலிப்புதான். ஐசோடோப், டிடெக்டர், சிதைவுச் சமன்பாடு என்று அவ்வளவு படித்துவிட்டு தினமும் செய்வது வெறும் ஊசி போடுவது. மீதியைக் கேமராவும் கம்ப்யூட்டரும் பார்த்துக்கொள்கின்றன, ரிப்போர்ட்டை டாக்டர் எழுதுகிறார். சிடி பக்கம் மாறிவிடலாமா?

ஆர்.

அன்புள்ள ஆர்,

வீட்டாரின் பயத்தை முதலில் முடித்துவிடுவோம். முடி உதிர வேண்டுமென்றால் தலையில் ஒரே வீச்சில் 3 கிரே அளவுக்குக் கதிர் விழ வேண்டும். கதிரை அளக்க நீங்கள் அணியும் பேட்ஜ் வருடம் முழுக்கச் சேர்த்துக் காட்டுவது பெரும்பாலும் சில மில்லிசீவெர்ட் (இந்தக் கதிர்களில் ஆயிரம் மில்லிசீவெர்ட் ஒரு கிரேவுக்குச் சமம்). ஏறக்குறைய ஆயிரம் மடங்கு வித்தியாசம். அவர்களிடம் இதைச் சொல்லுங்கள், நம்பாவிட்டால் விடுங்கள். நீங்கள் கவனிக்க வேண்டியது விரல்களை. மோதிர பேட்ஜின் சில்லு உள்ளங்கைப் பக்கம் பார்த்து, கையுறைக்குள் இருக்க வேண்டும். வெளிப்பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு அளவு குறைவாக வருகிறதே என்று சந்தோஷப்படுகிறவர்கள் இருக்கிறார்கள்.

இனி அந்த ‘வெறும்’. இதைப் பற்றி எழுத வேண்டும் என்று பல நாளாக நினைத்திருந்தேன், நீங்களே வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டீர்கள்.

எக்ஸ்ரேயில் கதிர் இயந்திரத்திலிருந்து வருகிறது. படம் சரியில்லையா, இன்னொன்று எடுக்கலாம். உங்கள் தொழிலில் கதிர் வருவது நோயாளியின் உடம்பிலிருந்து. ஊசியில் தவறு நடந்தால் கேமரா அந்தத் தவறைத்தான் வெகு துல்லியமாகப் படம் பிடிக்கும்.

பெட் ஸ்கேனுக்கு எஃப்டிஜி, அதாவது கதிர்வீசும் சர்க்கரை மருந்து, போடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். சிரிஞ்சில் 10 மில்லிகியூரி கதிரியக்கம். போட்டு முடித்து, காலி சிரிஞ்சை, கதிரியக்கத்தை அளக்கும் டோஸ் காலிப்ரேட்டரில் வைத்தால் 0.4 காட்டுகிறது. உள்ளே போனது 9.6 என்று எழுதுகிறீர்கள். ஆனால் ஊசி முனை இரத்தக் குழாயைத் துளைத்து அந்தப் பக்கம் போயிருந்தது. 2 மில்லிகியூரி தோலுக்கடியில் தங்கிவிட்டது. கை வீங்காது, ஏனென்றால் மொத்த மருந்தே ஓரிரு மில்லிலிட்டர்தான். ஸ்கேனில் கைகளைத் தலைக்கு மேல் தூக்கி வைக்கச் சொல்வதால் ஊசி போட்ட இடம் பல சமயம் படத்துக்குள்ளேயே வராது. கம்ப்யூட்டர் மட்டும் 9.6 முழுவதும் இரத்தத்தில் ஓடியதாக நம்பி எஸ்யுவியை, அதாவது கட்டி எவ்வளவு மருந்தை உறிஞ்சியது என்று காட்டும் எண்ணை, கணக்கிடுகிறது. உண்மையில் 6 காட்ட வேண்டிய கட்டி 4.8க்குக் கீழே காட்டுகிறது. தங்கியதில் கொஞ்சம் ஒரு மணி நேரத்தில் திரும்ப இரத்தத்துக்குள் போகும். எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது. ஆகவே பிறகு திருத்தவும் வழியில்லை.

இது கீமோவுக்குப் பிறகு எடுத்த ஸ்கேன் என்றால், மருந்து வேலை செய்கிறது என்று தோன்றும். கீமோவுக்கு முன் எடுத்தது என்றால் இன்னும் மோசம். அடுத்த ஸ்கேனில் ஊசி சரியாக ஏறும்போது நோய் வளர்ந்ததுபோலத் தெரியும், பலன் தந்துகொண்டிருந்த மருந்தை நிறுத்திவிடுவார்கள். கசிந்தது நிணநீரில் ஏறி அக்குளில் ஒரு நிணநீர்க்கணுவாக ஒளிர்ந்தால் அதற்கு ஒரு பயாப்சி. ரிப்போர்ட் எழுதும் டாக்டருக்கு இதில் எதுவும் தெரியாது. நீங்கள் சொன்னால்தான் தெரியும்.

மார்பகப் புற்றுநோய் என்றால் நோயில்லாத பக்கத்துக் கையில் போடச் சொல்வதும் இதனால்தான். சிறுநீரக ஸ்கேனிலும் இதே கதை: மருந்து கசிந்தால் ஜிஎஃப்ஆர் (சிறுநீரகம் வடிகட்டும் வேகம்) குறைந்து வரும், நல்ல சிறுநீரகம் மந்தமாகத் தெரியும்.

ஆகவே சலிப்பை ஓரமாக வைத்துவிட்டு இப்படிச் செய்யுங்கள். நேரடி ஊசியைவிடக் கேனுலா (இரத்தக் குழாயில் செருகி வைக்கும் மெல்லிய குழாய்) நல்லது. முதலில் 10 மில்லிலிட்டர் சலைனைச் செலுத்துங்கள். கண் சிரிஞ்சில் இருக்க வேண்டாம், கேனுலா முனைக்குச் சற்று மேலே தோலில் இருக்கட்டும். உப்புகிறதா, கை எதிர்ப்பை உணர்கிறதா, எரிகிறது என்கிறாரா? ஒன்று இருந்தாலும் வேறு இடம் பாருங்கள். பிறகு மருந்து. அதன்பின் சிரிஞ்சுக்குள் சலைனை இழுத்து இரண்டு மூன்று முறை அலசிச் செலுத்திவிட்டு, இன்னொரு 10 மில்லிலிட்டர் சலைன். ஒரு விதிவிலக்கு: நுரையீரல் ஸ்கேனுக்கான எம்ஏஏ என்ற துகள் மருந்தில் சிரிஞ்சுக்குள் இரத்தத்தை இழுக்கவே கூடாது. துகள்களோடு சேர்ந்து உறைந்து, நுரையீரலில் திட்டுத் திட்டாக ஒளிரும்.

சந்தேகம் வந்தால் ஊசி போட்ட இடத்தை ஒரு நிமிடம் படமெடுத்துச் சேர்த்துவிடுங்கள். மறைப்பதற்கு இதில் ஒன்றுமில்லை. கைதேர்ந்தவர்களுக்கும் கசியும்.

கடிகாரத்தையும் பாருங்கள். காலிப்ரேட்டர் ஒரு நேரம், ஸ்கேனர் ஒரு நேரம், சுவர் ஒரு நேரம் காட்டும் இடங்கள் ஏராளம். ஃப்ளூரின்-18இன் அரை ஆயுள் 110 நிமிடம். 11 நிமிடம் தவறினால் கணக்கில் 7 சதவீதம் தவறும்.

படித்ததெல்லாம் வீண் என்கிறீர்களே, மாலிப்டினம் சிதைந்து டெக்னீசியம் உண்டாகும் ஜெனரேட்டரைக் காலையில் கறந்ததும், அதோடு மாலிப்டினமும் கசிந்து வந்திருக்கிறதா என்று பார்க்கிறீர்களா இல்லையா? குப்பியை ஈயக் குவளைக்குள் வைத்தால் டெக்னீசியத்தின் 140 கிலோ எலக்ட்ரான் வோல்ட் நின்றுவிடும், மாலிப்டினத்தின் 740 வெளியே வரும். ஒரு மில்லிகியூரி டெக்னீசியத்துக்கு 0.15 மைக்ரோகியூரி மாலிப்டினம் என்ற வரம்பு ஊசி போடும் நேரத்துக்கு உரியது. டெக்னீசியம் 6 மணி நேரத்தில் பாதியாகும், மாலிப்டினத்துக்கு 66 மணி நேரம் வேண்டும். காலை 7 மணிக்கு 0.05 இருந்த குப்பி மாலை 7 மணிக்கு 0.17ஐத் தாண்டியிருக்கும். அந்தச் சிதைவுச் சமன்பாட்டை வேறு எங்கே பயன்படுத்துவதாக இருந்தீர்கள்?

சிடி பற்றிக் கேட்டிருந்தீர்கள். போக வேண்டுமென்றால் போங்கள். அங்கேயும் ஊசி உண்டு, கான்ட்ராஸ்ட்டும் கசியும். ஆனால் அங்கே 100 மில்லிலிட்டர் வரை போகிறது, கசிந்தால் கை வீங்கிக் காட்டிக்கொடுத்துவிடும்.