மோட்டார் கட்டத் தெரிகிறது, படிக்கத் தடுமாறுகிறான்

கேள்வி: என் மகன் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ தொழிற்கல்வி, அடிப்படை மின் பொறியியல் படிக்கிறான். செய்முறையில் கெட்டிக்காரன். பாடப்புத்தகத்தில் ஒரு பக்கம் படித்தால் என்ன படித்தான் என்று சொல்லத் தெரியவில்லை. 40,000 ரூபாய் கட்டினால் ஸ்போக்கன் இங்கிலீஷ், சான்றிதழ், வேலை மூன்றும் தருவதாக ஒருவர் வீட்டுக்கே வந்து பேசுகிறார். கட்டலாமா?
- ஒரு தாய், திண்டுக்கல்

பதில்: கட்டாதீர்கள் அம்மா. தமிழில் ஒரு பத்தியைப் புரிந்துகொள்ளத் தவிக்கும் பிள்ளைக்கு ஆங்கிலப் பேச்சு வகுப்பு எதற்கு? நோய் ஓரிடம், மருந்து ஓரிடம்.

நான் பார்த்த ஒரு பையன் மூன்று குதிரைத்திறன் மோட்டாருக்குக் காயில் சுற்றினால் ஒரு சுற்றுகூடப் பிசகாது. ஒரு நாள் மோட்டாரில் இருந்த தகட்டைப் படிக்காமல் இணைப்புக் கொடுத்தான். 415 வோல்ட், ஸ்டார் என்று அதில் தெளிவாக இருந்தது. ஸ்டார், டெல்டா இரண்டும் மோட்டார் சுருள்களை இணைக்கும் முறைகள். அவன் கொடுத்தது டெல்டா. சில நிமிடங்களில் புகை வந்துவிட்டது. வேலையிடத்தில் படிப்பு என்பது இந்தத் தகடு, எச்சரிக்கைப் பலகை, மேற்பார்வையாளர் எழுதித் தரும் நான்கு வரி. இதைப் பள்ளியில் யார் சொல்லித் தருகிறார்கள்? வினா விடையை மனப்பாடம் செய்ய வைத்துத் தேர்ச்சி விகிதம் காட்டுகிறார்கள். ஓய்வு பெற்ற தொழிற்கல்வி ஆசிரியர்களின் இடங்கள் எத்தனையோ பள்ளிகளில் காலியாகவே கிடக்கின்றன. கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

தினமும் இருபது நிமிடம் போதும். மிக்ஸியோடு வந்த கையேடு வீட்டில் இருக்குமே, அதில் பத்து வரியை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். பிறகு மூடி வைத்துவிட்டு, பக்கத்து வீட்டுப் பாட்டிக்குச் சொல்வதுபோல் சொல்லட்டும். அன்று பட்டறையில் செய்ததை ஐந்து வரி எழுதட்டும்.

சில வாரங்கள் செய்தும் எழுத்துகள் இடம் மாறித் தெரிகின்றன, வரி தாவிப் போகிறது என்றால் முதலில் கண்ணைச் சோதியுங்கள். கண்ணில் குறை இல்லையென்றால் அது கற்றல் குறைபாடாக இருக்கலாம். சோம்பேறி என்று திட்டாதீர்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்திலேயே அதற்கு இடம் உண்டு. மருத்துவச் சான்றுடன் தலைமையாசிரியர் வழியாக விண்ணப்பித்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் ஆகிய சலுகைகள் கிடைக்கும். தேர்வு நெருங்கும்போது ஓடினால் நடக்காது. இப்போதே கேளுங்கள். "இந்தப் பிரிவுக்கெல்லாம் அது கிடையாது" என்று யாராவது சொன்னால், எழுத்தில் தரச் சொல்லுங்கள்.

இனி அந்த ஆசாமி. தொழிற்கல்வியில் பிளஸ் டூ முடித்தவர்களுக்கு ஓராண்டு தொழிற்பழகுநர் பயிற்சி உண்டு. மத்திய அரசின் இணையதளத்தில் பதிவு செய்யக் கட்டணம் இல்லை. பயிற்சிக் காலத்தில் உங்கள் மகனுக்குத்தான் உதவித்தொகை கிடைக்கும். பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரவும் வழி இருக்கிறது. இலவசமாகக் கிடைக்கும் இடத்தை வாங்கித் தருவதாகச் சொல்லிக் காசு பறிப்பதுதான் இவர்கள் பிழைப்பு. பணத்தைவிட முக்கியம், "சரிபார்த்துத் தருகிறேன்" என்று மூலச் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்வார்கள். பிறகு அதை மீட்பதற்கே தனியாகப் பணம் கேட்பார்கள். நகலைக்கூடக் கொடுக்காதீர்கள்.