மஃரிபுக்குப் பத்து நிமிடம்

கூத்தாநல்லூரிலிருந்து போன வாரம் ஒரு தாய் மகனின் மேற்படிப்புக்கு யோசனை கேட்டு என்னிடம் வந்திருந்தார். கூடவே அவருடைய அண்ணன். இருவருக்கும் பின்னால், பி.காம் கடைசி ஆண்டு படிக்கும் மகன். தந்தை சபுரில், அதாவது வெளிநாட்டில் வேலையில், இருக்கிறார். அரை மணி நேரம் அண்ணன்தான் பேசினார்: லண்டனில் எம்பிஏ, பிறகு துபாய், இல்லாவிட்டால் ஊரில் யார் மதிப்பார்கள்? பையனுக்கோ புயல், வெள்ள நிவாரண வேலையில்தான் நாட்டம். தாய்க்குக் கவலை வேறு: “அந்த வேலைக்குப் போனால் வக்துக்கு, அந்தந்த நேரத்துக்கு, தொழ முடியுமா?”

சகோதரி, உங்கள் கவலை நியாயம் என்று அன்று சொன்னேன். இப்போது பாதியைத் திரும்பப் பெறுகிறேன். லண்டனுக்காக நகையை அடகு வைத்து, மீதிக்கு வட்டிக் கடன் வாங்கலாம் என்று உங்கள் அண்ணன் கணக்குப் போட்டபோது நீங்கள் வாய் திறக்கவில்லை. தொழுகை தவறுமோ என்று அஞ்சுகிறவர் மார்க்கம் தடுத்த வட்டிக்கு அஞ்ச வேண்டாமா? குர்ஆனின் 107ஆம் அத்தியாயமான அல்மாஊன், தொழுகையில் அலட்சியமாக இருப்பவரையும் அற்பப் பொருளைக்கூடக் கொடுக்க மறுப்பவரையும் ஒரே மூச்சில் கண்டிக்கிறது. அதை நீங்கள் சிறு வயதிலேயே மனனம் செய்திருப்பீர்கள்.

வங்கித் தேர்வு, சி.ஏ., பி.எட். எல்லாம் உங்களுக்குத் தெரிந்தவை, விட்டுவிடுகிறேன். எம்.எஸ்.டபிள்யூ என்னும் சமூகப்பணி முதுகலையைப் பற்றி யாராவது சொன்னார்களா? உங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்விடலாம்; திருவாரூர் நீலக்குடியில் மத்தியப் பல்கலைக்கழகம் இருக்கிறது. இரண்டு ஆண்டுப் படிப்பு. எந்தப் பட்டம் பெற்றவரும் சேரலாம். க்யூட் (CUET) என்னும் பொதுப் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வின் முதுகலைத் தாளை எழுத வேண்டும். வகுப்போடு களப்பணியும் உண்டு. குடும்பத்தைச் சந்தித்துப் பேசுவது, பார்த்ததை அறிக்கையாக எழுதுவது, கிராம முகாம் நடத்துவது என்று கால் தேயும்.

சோறு பொட்டலம் கட்டுவதற்குப் படிப்பு எதற்கு என்று உங்கள் அண்ணன் சிரித்தார். நிவாரண முகாமில் ஓர் ஆளுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 லிட்டர் தண்ணீர், தங்க 3.5 சதுர மீட்டர் இடம், 20 பேருக்கு ஒரு கழிப்பறை. உலகெங்கும் நிவாரணப் பணியாளர்கள் வைத்திருக்கும் ஸ்ஃபியர் அளவு இது. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது பள்ளிக்கூடங்களில் அடைந்து கிடந்தவர்களைக் கேளுங்கள், இந்தக் கணக்கின் அருமை தெரியும். அப்போது ஒரு வீட்டில் பார்த்தேன்: கணவர் இறந்தபின் வீட்டிலேயே இருக்க வேண்டிய இத்தா காலத்தில் இருந்த பெண், கூரை பாதி போயிருந்தது. வரிசையில் வந்து நிற்கவில்லை என்பதால் பட்டியலில் பெயர் இல்லை. நான்கு மாதம் பத்து நாள் அவர் ஏன் வெளியே வரமாட்டார் என்பது பட்டியல் எழுதியவருக்குத் தெரியவில்லை. உங்கள் மகனுக்குத் தெரியும்.

இனி தொழுகை. நண்பகல் ளுஹருக்கும் இரவு இஷாவுக்கும் நேரம் தாராளம். மாலை அஸரும் சமாளிக்கக் கூடியதே. நெருக்கடி சூரியன் மறைந்ததும் தொழும் மஃரிபில்தான்: நேரமும் குறுகியது, இரவுச் சாப்பாடு கொடுப்பதும் அப்போதே. போர்க்களத்திலேயே ஓர் அணி தொழ, மற்றோர் அணி காவல் நிற்கும் முறையைக் குர்ஆனின் நான்காம் அத்தியாயம் சொல்கிறது. சாம்பார் வாளிக்கு அது பொருந்தாதா? பத்து நிமிடம் கரண்டியைப் பக்கத்திலிருப்பவரிடம் கொடுத்துவிட்டுப் போகலாம். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகையைக் களப்பணி மேற்பார்வையாளரிடம் முதல் வாரமே சொல்லிவிட வேண்டும். வெளியூர்ப் பயணத்தில் இரு வேளைத் தொழுகையைச் சேர்த்துத் தொழுவதில் ஷாஃபி, ஹனபி மத்ஹபுகள் (மார்க்கச் சட்ட மரபுகள்) வேறுபடுகின்றன. அதைப் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கேளுங்கள், நான் மார்க்கம் கற்ற ஆலிம் அல்ல.

ஒன்றை மறைக்க மாட்டேன். தொடக்கச் சம்பளம் குறைவு. பல வேலைகள் ஒப்பந்தத்தில்தான். திட்டம் முடிந்தால் வேலையும் முடியும். அடகு வைத்த நகையை மீட்க இந்தச் சம்பளம் போதாது. அதனால்தான் அடகே வைக்காதீர்கள் என்கிறேன்.

நுழைவுத் தேர்வு விண்ணப்பம் ஆண்டு முடிவை ஒட்டி வரும். அடுத்த முறை மகனை மட்டும் அனுப்புங்கள். அன்று அவன் பேசியது ஒரே வாக்கியம், அதுவும் புறப்படும்போது: “அஸருக்கு நேரமாகிவிட்டது, பக்கத்தில் பள்ளிவாசல் எங்கே இருக்கிறது?”