மார்கழியில பட்டுப்புடவைக்கு எதுக்கு இஸ்திரி?

கேள்வி: அக்கா, நான் மடிப்பாக்கத்துல இருக்கேன், வேலைக்குப் போறேன். வீட்ல நான், அவர், 12 வயசுல பொண்ணு, 8 வயசுல பையன், மாமியார். பொண்ணு ரெண்டு வருஷமா பரதம் கத்துக்கறா, ஆனா பசங்க இதுவரைக்கும் மேடையில ஒரு நாட்டிய நாடகம் கூட பாத்ததில்ல. அதனால இந்த மார்கழி இசை, நாட்டிய சீசன்ல கலாக்ஷேத்ரால சபரி மோட்சம் பாக்கப் போலாம்னு ராத்திரி சாப்பிடறப்ப பேசி முடிவு பண்ணோம், பையன் "நம்ம எல்லாரும் போறோம்"னு வீடு பூரா குதிச்சுட்டே இருக்கான். நாலு டிக்கெட், ஆட்டோ, வெளிய சாப்பாடு எல்லாம் சேத்து 2,000 ரூபாய்க்குள்ள முடிக்கணும். எந்த சீட் எடுத்தா குடுத்த காசுக்கு நல்லா தெரியும், முன் வரிசைதான் வேணுமா? மாமியாருக்கு முட்டி வலி, அவ்ளோ நேரம் உக்கார மாட்டாங்கன்னு அவர் சொல்றார், அதனால அவங்க வீட்ல டிவி பாத்துப்பாங்க. அவங்க வேற இப்பல்லாம் ஒரு மாதிரி இருக்காங்க. போன வாரம் பழைய அரக்குப் பட்டுப்புடவையை எடுத்து, அவங்களே ரெண்டு மாடி இறங்கி இஸ்திரி வண்டியில குடுத்து வாங்கிட்டு வந்து கட்டில் ஓரத்துல மடிச்சு வச்சிருக்காங்க. எந்த விசேஷமும் இல்ல, கேட்டா சும்மாதான்னு சொல்றாங்க. அது கிடக்கட்டும், சீட் பத்தி சொல்லுங்கக்கா.
- வாசகி, மடிப்பாக்கம்

பதில்: சீட் பத்தி கட்டாயம் சொல்றேன்மா, ஆனா அந்தப் புடவையை நீ "கிடக்கட்டும்"னு தள்ளிட்ட, என்னால தள்ள முடியல.

இது மார்கழி. கல்யாணம் கிடையாது, கிரகப்பிரவேசம் கிடையாது, பட்டுப்புடவை எல்லாம் பீரோவுல தூங்கற மாசம். கோயிலுக்குப் போறதுன்னா விடியக்காலைல ஒரு நூல் புடவை போதும். இந்த மாசத்துல வயசான ஒரு பொம்பளை அரக்குப் பட்டை எடுத்து, கையில ஏந்திக்கிட்டு ரெண்டு மாடி இறங்கி, இஸ்திரிக்காரர்கிட்ட ஜரிகை மேல துணி போட்டுத் தேய்ப்பா, சூடு அதிகம் வேணாம்னு நாலு தடவை சொல்லி, அவர் தேய்ச்சு முடிக்கற வரைக்கும் வண்டி பக்கத்துல நின்னு, திரும்ப ரெண்டு மாடி ஏறி வந்திருக்காங்க. எதுக்கு? உனக்கு நிஜமாவே தெரியலையா?

சாப்பிடறப்ப பேசி முடிவு பண்ணோம்னு எழுதியிருக்க. அப்ப அவங்க எங்க இருந்தாங்க? வேற ஊர்லயா இருந்தாங்க, அங்கதான் இருந்திருப்பாங்க, உங்க தட்டுல ரசம் ஊத்திட்டு இருந்திருப்பாங்க, இல்ல அடுப்படியில இருந்து கேட்டுட்டு இருந்திருப்பாங்க. குழந்தை "எல்லாரும்"னு சொன்னான், அவங்க அதை நம்பிட்டாங்க, அந்த எல்லார்ல தானும் ஒரு ஆளுன்னு நினைச்சுட்டாங்க. நாளு நெருங்க நெருங்க யாரும் தன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையேன்னு மெதுவா புரிஞ்சிருக்கும். அதுக்கப்புறம் நீ போய் புடவை எதுக்குன்னு கேட்டா சும்மாதான்னு சொல்லாம வேற என்ன சொல்லுவாங்க? "நானும் வரேன், எனக்கும் ஒரு டிக்கெட் எடு"ன்னு மருமககிட்ட வாய் விட்டுக் கேக்கற தலைமுறையா அது? நீ சொல்ற "ஒரு மாதிரி" இதுதான்.

அப்புறம் அந்த முட்டி வலி. இந்தப் பகுதிக்கு வருஷா வருஷம் கார்த்திகை தாண்டினா இதே லெட்டர் வேற வேற கையெழுத்துல வருது, ஒரு வீட்ல முட்டி, ஒரு வீட்ல பிரஷர், ஒரு வீட்ல "அவங்களுக்கு கூட்டம் பிடிக்காது". எல்லாத்துலயும் சம்பந்தப்பட்ட ஆளைத் தவிர மத்த எல்லாரும் அவங்களுக்காகப் பேசியிருப்பாங்க. உக்கார முடியாதுன்னு யார் சொன்னது? உன் வீட்டுக்காரர். அவங்க சொன்னாங்களா? சொல்லியிருந்தா நீ எழுதியிருப்ப. இஸ்திரி வண்டிக்குப் போய் வரணும்னா ரெண்டு மாடி இறங்கி ஏறற முட்டி, நாற்காலியில சாஞ்சு உக்கார மட்டும் மாட்டேன்னு சொல்லுமா? வீட்ல டிவி முன்னாடி எவ்ளோ நேரம் உக்காந்திருக்காங்கன்னு ஒரு நாள் கணக்குப் போட்டுப் பாரு.

இதுல உன்னை மட்டும் திட்டறதா நினைக்காத. மாமியார் விஷயம்னா எல்லாத்தையும் மருமக தலையில கட்டற வழக்கத்தை நான் என்னைக்குமே ஒத்துக்கிட்டதில்ல. அது அவரைப் பெத்த அம்மா. அம்மா வரியான்னு அவர்தான் முதல்ல கேட்டிருக்கணும், அம்மாவோட முட்டியைப் பத்தி உன்கிட்ட சொல்லத் தெரிஞ்ச மனுஷனுக்கு அம்மாகிட்ட ஒரு வார்த்தை கேக்கத் தெரியலையா? இந்தப் பதிலை அவர்கிட்டயும் படிச்சுக் காட்டு, கோச்சுக்கிட்டா கோச்சுக்கட்டும். பிள்ளைங்க படிக்க, வளர, நாடகம் பாக்க காசு செலவு பண்றதுல தப்பில்ல, ஆனா வீட்ல ஒருத்தரை விட்டுட்டுக் கிளம்பறதை அதே பிள்ளைங்க பாத்துட்டு இருக்காங்க, அதையும் சேத்துதான் கத்துக்கறாங்க.

நீங்க பாக்கப் போறது என்னன்னு ஒரு தடவை யோசிச்சியா? கலாக்ஷேத்ராவை ஆரம்பிச்ச ருக்மிணி தேவி அருண்டேல் 1955-ல இருந்து 1970 வரைக்கும் ராமாயணத்தை ஆறு பாகமா மேடை ஏத்தினாங்க, சீதா சுயம்வரத்துல ஆரம்பிச்சு மகா பட்டாபிஷேகத்துல முடியும், ஆரம்ப பாகங்களுக்கு இசை அமைச்சது மைசூர் வாசுதேவாச்சாரியார், அவர் காலமானதுக்கு அப்புறம் அவர் பேரன் ராஜாராம் அந்த வேலையை முடிச்சார். அந்த ஆறுல சபரி மோட்சம் ஒண்ணு. ராமர் வருவாரான்னு பழத்தை வச்சுக்கிட்டு காத்துட்டு இருக்கற ஒரு கிழவியோட கதை. அதை நீங்க நாலு பேரும் உக்காந்து பாத்து கண்ணைத் தொடைச்சுட்டு வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தா உள்ள யார் இருப்பாங்க? எனக்கு இதை எழுதறப்பவே மனசு என்னமோ பண்ணுது.

எங்க மாமியாரை ஒரு சீசன்ல நாரத கான சபாவுக்கு ஒரு நாட்டிய நாடகத்துக்குக் கூட்டிட்டுப் போனேன், அவங்க செஞ்சி பக்கத்துக்காரங்க, இதெல்லாம் அவங்களுக்கு என்ன புரியப் போகுதுன்னு வீட்ல எல்லாரும் சொன்னாங்க. ஆட்டம் முடியற வரைக்கும் முந்தானை நுனியை விரல்ல சுத்திக்கிட்டு இமைக்காம பாத்தாங்க. திரும்பி ஆட்டோவுல வர்றப்ப அவங்களா பேச ஆரம்பிச்சாங்க, சின்ன வயசுல ஊர்ல திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவுக்கு விடிய விடிய கூத்து நடக்குமாம், இவங்க பாட்டி மடியில படுத்துத் தூங்கிடுவாங்களாம், ஆனா துரியோதனன் விழற படுகளத்தன்னிக்கு திரௌபதி கூந்தல் முடியறப்ப மட்டும் என்னை எழுப்பிடுன்னு சொல்லிட்டுத்தான் தூங்குவாங்களாம், பாட்டியும் மறக்காம எழுப்புவாங்களாம். 19 வருஷம் ஒரே வீட்ல ஒரே அடுப்புல சமைச்சிருக்கோம், அன்னைக்கு வரைக்கும் எனக்கு இது தெரியாது.

சரி, இப்ப சீட்டுக்கு வரேன். அஞ்சு டிக்கெட். நாலு பேருக்கு முன்னாடி வகுப்பு எடுக்கற காசுல அஞ்சு பேருக்கு அடுத்த வகுப்பு எடு, நஷ்டமே இல்ல, ஏன்னா நாட்டிய நாடகத்துக்கு முதல் ரெண்டு வரிசை நல்ல இடமே கிடையாது. மேடை உசரம், கழுத்தை அண்ணாந்து பாக்கணும், கால் வேலைப்பாடு சரியா தெரியாது, பத்து பேர் சேந்து ஆடறப்ப அந்த அமைப்பு மொத்தமா கண்ணுக்குள்ள வராது. உன் பொண்ணு ஆடறவ, அவளுக்குக் காலும் தெரியணும், மொத்த மேடையும் தெரியணும், அதுக்கு நடு வரிசைகள்தான் சரி. ஓரம்னா இடது ஓரம் பரவால்ல, வலது ஓரம் வேணாம், பாடறவங்களும், தாளம் தட்டி ஆட்டத்தை நடத்தற நட்டுவாங்கக்காரங்களும் பொதுவா நாம பாக்கறப்ப வலது பக்கம்தான் உக்காருவாங்க, அந்தப் பக்க ஓர சீட்ல இருந்தா அவங்க முதுகும் மைக்கும்தான் பாதி தெரியும். ஸ்பீக்கருக்கு நேரா உக்காந்துடாதீங்க, வயசானவங்க காதுக்கு தாங்காது. வேற ஹால்கள்ல பால்கனி இருந்தா அதுல முதல் வரிசை கம்மி விலைக்கு கிடைக்கும், கூட்டமா ஆடறதுக்கு அதைவிட நல்ல பார்வை கிடையாது, ஆனா படி ஏறணும், அதனால உங்களுக்கு அது வேணாம். தரைமட்டத்துல, நடைபாதையை ஒட்டின சீட், அதுல உன் மாமியார், அவங்களுக்கு அடுத்து உன் வீட்டுக்காரர். காலை நீட்டிக்கலாம், நடுவுல எழுந்து போகணும்னா பத்து பேர் காலைத் தாண்ட வேணாம். புக் பண்றதுக்கு முன்னாடி ஆபீசுக்கு ஒரு போன் போட்டு வாசல்ல இருந்து சீட் வரைக்கும் எத்தனை படி, கைப்பிடி இருக்கா, பாத்ரூம் எவ்ளோ தூரம், சீட்டுக்கு நம்பர் உண்டா இல்ல முதல்ல வர்றவங்களுக்கா, இந்த நாலையும் கேட்டுரு. நம்பர் இல்லன்னா முக்கால் மணி நேரம் முன்னாடியே போயிடுங்க.

காசு குறைக்கணும்னா சாப்பாட்டுல குறை, ஆட்டோவுல குறைக்காத. சாயங்காலமே வீட்ல இருந்து புளியோதரை கட்டி எடுத்துட்டுப் போய் உள்ள போறதுக்கு முன்னாடி சாப்பிட்டுடுங்க, அந்த ஒரு விஷயத்துலயே அஞ்சாவது டிக்கெட் காசு வந்துரும். வார நாள்ல போனா கூட்டமும் கம்மி. உங்க அபார்ட்மென்ட்ல யாராவது சபா மெம்பர் இருக்காங்களான்னு விசாரி, சீசன் டிக்கெட் எடுத்தவங்க எல்லா நாளும் போறதில்ல, கேட்டா சந்தோஷமா குடுப்பாங்க. பசங்களுக்குப் பழக்கம் வரணும்னா டிசம்பர்ல நிறைய சபாக்கள்ல மத்தியானக் கச்சேரி இலவசம்தான், சின்ன வயசுப் பசங்க பாடுவாங்க ஆடுவாங்க, ஒரு மணி நேரம் உக்காந்து பாத்துட்டு வரலாம். இதுல டேட் ஒத்து வரலைன்னா மியூசிக் அகாடமி நாட்டிய விழா ஜனவரி 3-ந் தேதி ஆரம்பிக்கும், அதையும் பாரு.

இன்னொண்ணு. எட்டு வயசுப் பையனுக்கு முத்திரையும் புரியாது, பாட்டோட வார்த்தையும் புரியாது, கதை தெரியலைன்னா அரை மணியில நெளிய ஆரம்பிச்சுடுவான், நீ குடுத்த காசு அங்கதான் வீணாகும். முந்தின நாள் ராத்திரி அவனைப் பாட்டி பக்கத்துல படுக்க வச்சு சபரி கதையைச் சொல்லச் சொல்லு. அவங்களுக்குத் தெரியாமலா இருக்கும்?

குளிருக்கு ஒரு சால்வை, மாத்திரை, தண்ணி பாட்டில் மறக்காத.

இன்னைக்கு ராத்திரி சாப்பாடு முடிஞ்சதும் அவர் போய்க் கேக்கட்டும், நீயும் கூடப் போய் உக்காரு. "அம்மா, அஞ்சு டிக்கெட் எடுக்கறோம், முன்னாடியே சொல்லாம விட்டுட்டோம்"னு நேரா சொன்னா போதும், புடவை விஷயம் தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதீங்க. அவங்க முதல்ல வேணாம்னுதான் சொல்லுவாங்க, "எனக்கெதுக்கு, நீங்க போயிட்டு வாங்க"ம்பாங்க, அதைக் கேட்டதும் கடமை முடிஞ்சுதுன்னு எழுந்து வந்துடாத, இன்னொரு தடவை கேளு, பையனை விட்டும் கேக்கச் சொல்லு. அவங்க சரின்னு தலை ஆட்டினதும், அந்தப் புடவைக்கு ஜாக்கெட் இப்பவும் இறுக்காம இருக்கான்னு போட்டுப் பாக்கச் சொல்லு. பழைய ஜாக்கெட், தையல் பிரிச்சு விட வேண்டியிருக்கும், பொங்கல் துணி தைக்கறதுக்கு இப்ப டெய்லர் கடையில எல்லாம் கூட்டம், நாளைக்கே குடுத்தாதான் கிடைக்கும்.