கதவைச் சாத்தியும் அத்தைக்குத் தொற்று வந்தது எப்படி?

அக்கா, வீட்டுக்காரரை மேற்கு அறையில் தனியாக வைத்து, சாப்பாட்டைக்கூட வாசலில் வைத்துவிட்டு வந்தும் அத்தைக்குக் கொரோனா வந்துவிட்டதே என்று கேட்டிருந்தீர்கள். தட்டை விடுங்கள், காற்றைப் பாருங்கள். மூச்சில் வரும் நுண்துளிகள் மூடிய அறையில் மணிக்கணக்கில் மிதக்கும். கொழிஞ்சாம்பாறையில் இருக்கும் உங்களுக்குச் சொல்லவா வேண்டும், பாலக்காட்டுக் கணவாயில் ஆடிக்காற்று மேற்கிலிருந்துதான் அடிக்கும். அவர் ஜன்னலைத் திறந்தால் அறைக்காற்று கதவிடுக்கு வழியே நேராகக் கூடத்துக்கு வரும். இடுக்கில் ஊதுபத்தியைப் பிடியுங்கள், புகை காட்டிக்கொடுத்துவிடும் (எங்கள் வீட்டில் அப்படித்தான் தெரிந்தது). முடிந்தால் அவரைக் கிழக்கு அறைக்கு மாற்றி, அறைக்காற்று வெளிப்பக்கமாகவே போக ஜன்னலைத் திறந்து, கதவடியில் ஈரத்துண்டு திணியுங்கள். உள்ளே போனால் இருவருக்கும் என்95 மாஸ்க். அத்தைக்கு வயதாகிவிட்டது, ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 94 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் உடனே ஆஸ்பத்திரி.