அரசியின் நைந்த அங்கி

அன்புள்ள ஐயா,

பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கில எழுத்தாளர் ஆக்னஸ் ஸ்ட்ரிக்லண்டின் 'இங்கிலாந்து அரசிகளின் வாழ்க்கை' வாசித்து வருகிறேன். எந்த அரசி என்ன உடுத்தினார், யாருக்கு என்ன கொடுத்தார் என்று பக்கம் பக்கமாகப் போகிறது. சுவையாகத்தான் இருக்கிறது. ஆனால் இதெல்லாம் வரலாறா?

— ஒரு வாசகி, திருச்சி

அன்புள்ள வாசகிக்கு,

வரலாறுதான். இங்கிலாந்து மன்னர் ஏழாம் ஹென்றியின் மனைவி எலிசபெத்தைப் பற்றிய பகுதிக்கு வந்துவிட்டீர்களா? அந்த அரசியின் கைச்செலவுக் கணக்கை வைத்து எழுதப்பட்ட பகுதி அது. அங்கியின் கீழ்விளிம்பு நைந்துபோனால் மறுபடி மடித்துத் தைத்திருக்கிறார்கள், தையற்காரருக்குக் கூலி 2 பென்ஸ், அதாவது இரண்டு சில்லறைக் காசு. காலணி 12 பென்ஸ், அதில் தகரக் கொக்கி. அதே கணக்கில் பழமும் கோழியும் கொண்டுவந்த ஏழைகளுக்குக் கொடுத்த பணமும் இருக்கிறது, தங்கைகளைத் தாங்கிய செலவும் இருக்கிறது. போர்க்களங்களை மட்டும் எழுதியவர்கள் இந்தப் பெண்ணைப் பார்க்கவே இல்லை. எனக்கு அந்த 2 பென்ஸ் ஒரு போரைவிடப் பெரிய செய்தி.

இப்படிப்பட்ட ஆவணங்கள் ஆக்னஸுக்குச் சும்மா கிடைத்துவிடவில்லை. அரசு ஆவணக் காப்பகத்தைப் பார்க்க அனுமதி கேட்டபோது, அமைச்சர் ஜான் ரஸ்ஸல் மறுத்துவிட்டார். அவருக்குப் பின் வந்த நார்மன்பி பிரபுதான் அனுமதித்தார். 1844இல் பிரான்சுக்கும் போய் அங்குள்ள ஆவணங்களைத் தேடினார். பல்கலைக்கழகக் கதவு பெண்களுக்குத் திறக்காத காலம் அது என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

குறை இல்லாமல் இல்லை. ஸ்காட்லாந்தையும் பிறகு இங்கிலாந்தையும் ஆண்ட ஸ்டூவர்ட் வம்சம் என்றால் ஆக்னஸுக்கு மனம் இளகிவிடும். அந்த வம்சத்து ஸ்காட்லாந்து அரசி மேரிக்காக வக்கீலாகவே மாறிவிடுவார். அந்தப் பக்கங்களைக் கொஞ்சம் எச்சரிக்கையோடு வாசியுங்கள்.

அப்புறம் ஒன்று. 1840 முதல் 1848 வரை 12 தொகுதிகள் வந்தன, எல்லாவற்றிலும் ஆக்னஸின் பெயர் மட்டுமே. ஆனால் அந்த வாழ்க்கை வரலாறுகளில் பெரும் பங்கை எழுதியவர் அவருடைய அக்கா எலிசபெத். தன் பெயரைப் போடவே கூடாது என்று கடைசிவரை பிடிவாதமாக இருந்தார். 1874இல் ஆக்னஸ் போனார், அடுத்த வருடமே அக்காவும் போய்விட்டார்.

நீங்கள் ரசித்த பக்கங்களில் சில அந்த அக்கா எழுதியவையாகவும் இருக்கலாம். புத்தகத்தை முடித்துவிட்டு மறுபடி எழுதுங்கள். அந்தக் கடிதத்தில் இரண்டு பேரையும் சொல்லுங்கள்.